நின்ற நேரம்

மேசையின் அந்தக் கோடியிலிருந்து பேச்சு ஒவ்வொரு ஆளாக நகர்ந்து வந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் மழைத்தண்ணீர் ஏறுவதைப் பார்க்கிறவன் போல கஸ்பார் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது வாசல்படி, அடுத்தது கட்டில் கால், அப்புறம் நான். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது, ஆனாலும் சட்டையின் முதுகு நனைந்து நாற்காலியோடு ஒட்டிவிட்டது. பல்கலைக்கழகத்தின் கால்பந்துக் குழு கூடியிருந்தது. கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் ஆட்டங்களை எப்படிச் சீக்கிரம் முடிப்பது என்பதுதான் அன்றைய விவாதம். போன வருஷம் இறுதி ஆட்டம் முடிவதற்குள் இருட்டிவிட்டது. மைதானத்தைச் சுற்றி மோட்டார் சைக்கிள்களை நிறுத்தி, ஹெட்லைட்டைப் போட்டு, அந்த வெளிச்சத்தில்தான் கடைசி கோல் விழுந்ததா இல்லையா என்று பார்த்தார்கள். வெளியூர்ப் பையன்கள் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு ஸ்டாண்டில் படுத்துக் கிடந்தார்கள்; மறுநாள் அவர்களுடைய அப்பாமார்கள் போனில் கத்தினார்கள். அதனால் விதிகளை மாற்ற வேண்டும். மாற்றட்டும், கஸ்பாருக்கு அதில் ஒன்றும் சண்டையில்லை. பாதிக்கு நாற்பத்தைந்து நிமிடம் என்பதை முப்பத்தைந்தாகக் குறைக்கலாம் என்ற முதல் யோசனைக்கு எல்லோரோடும் சேர்ந்து அவனும் கையைத் தூக்கினான். கை தூக்குவது எவ்வளவு நல்ல விஷயம். உலகத்தில் எல்லாவற்றையும் கை தூக்கியே முடித்துக்கொள்ளலாம் என்றிருந்தால் அவனைப் போல ஒரு கெட்டிக்காரன் இந்த ஜில்லாவிலேயே இருந்திருக்க மாட்டான். இரண்டாவது யோசனையில்தான் வந்தது வினை.

யோசனைகளைக் கொண்டுவந்தவர் முனைவர் இசக்கிராஜன். ஒரு கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர், குழுவின் செயலாளர், நாற்காலியில் உட்காரும்போதுகூட ஓட்டப்பந்தயத்துக்கு நிற்பவர் மாதிரி நுனியில் உட்காருகிறவர். "நம்ம ஆட்டத்துல பாதி நேரம் எங்க போவுது தெரியுமா?" என்று கேட்டு, கேட்ட கேள்விக்கு அவரே பதிலும் சொன்னார். "வாக்குவாதத்துல போவுது. ரெஃப்ரி விசில் அடிச்ச உடனே அத்தன பயலும் வந்து சுத்தி நின்னுக்கிடுதான், ஏன் ஃபவுல், எதுக்குப் பெனால்டின்னு. இனிமே ரெஃப்ரி சட்டைக் காலர்ல ஒரு சின்ன மைக்கு. காரணத்தை அவரே ஸ்பீக்கர்ல சொல்லிட்டாருன்னா சோலி முடிஞ்சுது. ஆடுதவனுக்கும் தெரியும், பாக்கவனுக்கும் தெரியும்." நல்ல யோசனை என்று இரண்டு மூன்று தலைகள் ஆடின. ஒவ்வொருத்தராகக் கருத்துச் சொல்லலாம், ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று சொல்லி, இசக்கிராஜன் தன் கைபேசியை மேசை நடுவில் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து நிமிர்த்தி வைத்தார். இரண்டு நிமிடம் ஆனால் அது சேவல் மாதிரி கூவும். தலைவர் நாற்காலியில் இருந்த வேலம்மாள் மேடம் வேதியியல் பேராசிரியை; சுழற்சி முறையில் வந்து தலையில் விழுந்த பதவி அது, கால்பந்து பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. முதல் கூவலுக்குத் திடுக்கிட்ட அவர், பிறகு ஒவ்வொரு கூவலுக்கும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நடுவர்கள் சார்பாக அந்தக் குழுவில் இருந்தது கஸ்பார் ஒருவன்தான். நாளைக்கு அந்த மைக்கைக் காலரில் மாட்டிக்கொள்ளப் போகிறவனும் அவன்தான். அவனுக்குத் திக்குவாய்.

பெனால்டி. அந்தச் சொல்லை மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். எண்ணெயில் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. மனசுக்குள் அவனுக்கு எந்தச் சொல்லும் திக்கியதே இல்லை. அங்கே அவன் பெரிய பேச்சாளன், எதிராளியை மடக்கி மடக்கிக் கேள்வி கேட்கிறவன், இந்த இசக்கிராஜனையே இதோ இந்த நிமிடம் நாலு வாக்கியத்தில் உட்காரவைத்துவிடுவான். வாய்க்கு வரும்போதுதான் சங்கடம். பானா வந்தால் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். உள்ளே காற்று இருக்கும், சொல் இருக்கும், அந்தச் சொல்லுக்குப் பின்னால் வரவேண்டிய சொற்கள் ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு நிற்கும், கதவுதான் திறக்காது. கண் தானாக மூடிக்கொள்ளும். கழுத்து ஒரு பக்கம் இழுக்கும். எதிரே நிற்கிற ஆளின் முகம் என்ன ஆகும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் கண்ணைத் திறந்ததும் அவன் முதலில் பார்ப்பது அதைத்தான்: ஒன்று பரிதாபம், இல்லையென்றால் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவனின் அவசரம். இதையெல்லாம் ஒரு மைதானம் முழுக்கப் பார்க்கும். கம்பத்துக்கு ஒன்றாகக் கட்டியிருக்கிற ஸ்பீக்கர் எல்லாம் அவன் தொண்டைக்குள் காற்று முட்டுகிற சத்தத்தை வாங்கி, பெரிசாக்கி, பக்கத்துத் தெரு வரைக்கும் அனுப்பும். பெ. பெ. பெ. கையில் பந்தை வைத்துக்கொண்டு ஒருத்தன் காத்து நிற்பான். ஆட்டத்தைச் சீக்கிரம் முடிக்கக் கொண்டுவந்த மைக்கால் ஆட்டம் அங்கேயே நின்றுபோகும். இதை நினைத்ததும் அவனுக்கே ஒரு நொடி சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பைப் பாதியிலேயே விழுங்கிவிட்டு மேசையின் கோடியைப் பார்த்தான். இன்னும் கட்டில் காலுக்கு வரவில்லை. வாசல்படியில்தான் நிற்கிறது.

சொல்லிவிடலாமே, எனக்கு இப்படி இருக்கிறது, என்னால் மைக்கில் முடியாது என்று. அதைச் சொல்லத்தான் வாய் வேண்டியிருக்கிறதே. அதுவும் இத்தனை வருஷம் கட்டிக் காப்பாற்றியதை இந்த மேசையில் கொட்டவா? இவர்களுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது, தெரியும் என்றும் சொல்ல முடியாது. கஸ்பார் சார் அதிகம் பேச மாட்டார், அவ்வளவுதான் ஊருக்குத் தெரிந்தது. வேலையும் அதற்குத் தோதாக அமைந்தது, கல்லூரி நூலகத்தில். நூலகத்தில் பேசாமல் இருக்கிறவனை யார் சந்தேகப்படுவார்கள்? "சைலன்ஸ்" என்று எழுதிய பலகைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, கேட்கிற புத்தகத்தை எழுந்து போய் எடுத்துக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. பேசியே ஆகவேண்டிய இடத்தில் சொல்லை மாற்றிக்கொள்வான். பானாவில் தொடங்கும் சொல் எதிரே வருவது அவனுக்குத் தூரத்திலேயே தெரிந்துவிடும், வளைவில் லாரி வருவது தெரிகிற மாதிரி. சட்டென்று சந்துக்குள் திரும்பிவிடுவான். பந்து என்று சொல்ல மாட்டான், "அது" என்பான். பக்கத்து வீடு என்று சொல்ல மாட்டான், அடுத்த வீடு என்பான். பெண் பார்க்கப் போன அன்றைக்குப் பொண்ணு பிடித்திருக்கிறதா என்று மாமா கேட்டதற்கு "சம்மதம்" என்றான். அமலி அதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள், அந்தக் காலத்து ராஜா மாதிரி சம்மதம்னீங்களே என்று. பிடிச்சிருக்கு என்று சொல்ல அவனுக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பது அவளுக்குத் தெரியாது. கல்யாணமாகி இரண்டாவது வாரம், குளியலறையில் சோப்பு இல்லை என்று சொல்ல வந்து நின்றுபோனபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவள் எதுவும் கேட்கவில்லை. துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, "சொல்லுங்க, நான் நிக்கேன்" என்று மட்டும் சொன்னாள். நிற்கிறவர்கள் குறைச்சல். மிச்சப் பேர் எல்லாம் அவன் சொல்ல வந்ததை அவர்களே சொல்லி முடித்துவிடுவார்கள், அதுவும் தப்பாக. அவன் கடலை கேட்க வாயைத் திறந்தால் கடுகைப் பொட்டலம் கட்டிவிடுவார்கள். தலையை ஆட்டி வாங்கிக்கொண்டு வந்துவிடுவான். வீட்டில் ஒரு காலத்தில் டப்பா டப்பாவாகக் கடுகு இருந்தது.

ஐந்து வயதில் வசம்பு தேய்த்தார்கள். நாக்கில் வசம்பைச் சுட்டு இழைத்துத் தேய்த்தால் பேச்சு வரும் என்று யாரோ சொல்லி அம்மா தினமும் விடியலில் தேய்ப்பாள். காரமும் கசப்பும் மண்வாடையுமாக அது நாக்கில் இறங்கும்போது கண்ணில் நீர் வந்துவிடும். வசம்பு என்று வாயால் சொல்லக் கூடாது, அதற்குப் பேரே பேர் சொல்லாதது. கடைக்காரரிடம் அம்மா அப்படித்தான் கேட்பாள், அண்ணாச்சி, பேர் சொல்லாதது ஒரு துண்டு குடுங்க. அந்த மருந்தின் மேல் அவனுக்குப் பிரியம் வந்துவிட்டது. அதுவும் பேர் சொல்ல முடியாதது, நானும் என் பேரைச் சொல்ல முடியாதவன். கானாவில் தொடங்கும் பேரைப் போய் வைத்தார்களே என்று அப்பாவின் மேல் கொஞ்ச நாள் கோபம் இருந்தது. இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களில் ஒருத்தர் பேர் அது என்று சொல்லிவிட்டு அவர் வலை பின்னப் போய்விடுவார். பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிக்கச் சொல்லும்போதும் இப்படித்தான், வரிசையாக வந்துகொண்டே இருக்கும். தனக்கு எந்தப் பத்தி வரும் என்று முன்னாடியே எண்ணிப் பார்த்து, அதில் எத்தனை பானா, எத்தனை கானா என்று தேடித் தேடி, பக்கத்துப் பையன் என்ன வாசிக்கிறான் என்பதே காதில் விழாது. அவன் முறை வரும். எழுந்து நிற்பான். வகுப்பு முழுக்கத் திரும்பும். வாத்தியார் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உக்காரு" என்பார். அடுத்த பையன் விட்ட இடத்திலிருந்து வாசிப்பான். அந்த உக்காரு என்ற சொல்லில் இருந்த இரக்கம் இருக்கிறதே, அதை மட்டும் அவனால் இன்றைக்கு வரைக்கும் செரிக்க முடியவில்லை. அடித்திருக்கலாம். இரக்கப்பட்டு அவனுடைய பத்தியை வேறொருத்தனுக்குக் கொடுத்துவிட்டார்.

மேசையில் சேவல் கூவியது. வேலம்மாள் மேடம் சிரித்தார். இன்னும் இரண்டு பேர். தட்டில் மிச்சமிருந்த பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டால் பேசாமல் தப்பிக்கலாமா என்று யோசித்தான், யோசித்ததற்காக வெட்கப்பட்டான். விசில் மட்டும் கையில் வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருப்பான்? கல்லூரியில் படிக்கும்போது அவன் நல்ல ஆட்டக்காரன் இல்லை, ஓரத்தில் நிற்கிற ஆள்தான். ஒருநாள் துறைகளுக்கு இடையிலான ஆட்டத்துக்கு நடுவர் வரவில்லை. இந்தா நீ ஊது என்று யாரோ விசிலை அவன் கையில் திணித்தார்கள், இன்னொருத்தன் எச்சில் பட்ட விசில், சட்டையில் துடைத்துவிட்டு ஊதினான். ஓடிக்கொண்டிருந்த அத்தனை பேரும் நின்றார்கள். நின்று, திரும்பி, அவனைப் பார்த்தார்கள். அப்படி ஒரு பார்வை அதற்கு முன்னால் அவன் மேல் விழுந்ததே இல்லை. பரிதாபமும் இல்லை, அவசரமும் இல்லை. என்ன சொல்லப் போகிறான் என்று காத்திருந்தார்கள், அவன் கையை நீட்டினான், சொல்லி முடித்தாகிவிட்டது. எந்தப் பக்கத்துக்குப் பந்து என்பதற்கு ஒரு கை, கோல் உதைக்கு ஒரு கை, பெனால்டிக்குப் புள்ளியைக் காட்டி ஒரு கை. முழு விளையாட்டையும் வாயைத் திறக்காமல் சொல்லிவிடலாம் என்று யாரோ புண்ணியவான்கள் முன்னாடியே யோசித்து வைத்திருக்கிறார்கள். விசிலுக்குப் பானா கானா கிடையாது. பையன்கள் அவனுக்குக் கல்லு என்று பட்டப்பேர் வைத்திருப்பது அவனுக்குத் தெரியும். கல்லுகிட்ட பேசி என்னல பிரயோசனம், வா போவோம் என்று ஒருத்தனை ஒருத்தன் இழுத்துக்கொண்டு போவான்கள். உள்ளுக்குள் அவனுக்கு அது பதக்கம் மாதிரி. அதில்தான் இப்போது மைக்கை மாட்டப் போகிறார்கள். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடலாம். கால் வலி என்று சொல்லலாம். மூட்டு, மூட்டு வலி என்று சொல்ல வேண்டும், மானா சுலபம். அப்புறம் சனி ஞாயிறு என்ன செய்வது? அமலியோடு மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பதா? காலையில் ஈரப் புல்லை மிதித்துக்கொண்டு மைதானத்து நடுவில் போய் நிற்கும்போது நெஞ்சுக்குள் ஒன்று விரியுமே, அதை எங்கே போய் வாங்குவது?

பக்கத்து நாற்காலியில் இருந்த மைதீன் பிச்சை தொண்டையைச் செருமினார். அவருக்கு அடுத்தது கஸ்பார். மைதீன் பிச்சை இன்னொரு கல்லூரியின் பயிற்சியாளர், கனத்த உடம்பு, மைதானத்துக்கு எதிர்க்கோடியில் இருப்பவனை மைக் இல்லாமலே திட்டக்கூடியவர். "ஓய் டாக்டரு, ஒரு சின்ன சந்தேகம்" என்று அவர் ஆரம்பித்தார். "மைக்கு ரெஃப்ரி காலர்லதான இருக்கும்? அப்பம் ரெஃப்ரியச் சுத்தி நின்னு நம்ம பயலுவ பேசுதது யாரு காலர்ல விழும்?" இசக்கிராஜனுக்குப் புரியவில்லை. மைதீன் பிச்சை வேலம்மாள் மேடத்தின் பக்கம் ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சொன்னார். "மேடம் இருக்காங்க, நான் வெளங்கச் சொல்ல முடியாது. எம் பயலுவ களத்துல பேசுத பேச்சு இருக்கே, அதை நான் பக்கத்துல நின்னு கேட்டுட்டு வீட்டுக்குப் போயி காதைக் கழுவுதேன். அதை ஸ்பீக்கர்ல போட்டீருன்னா, துணைவேந்தர் முன் வரிசையில உக்காந்திருப்பாரு, அவரு சம்சாரம் உக்காந்திருக்கும். மறுநாள் கால்பந்தையே தடை பண்ணிருவாங்க வே." முதலில் யாரோ ஒருவர் மூக்கால் சிரித்தார். அப்புறம் மேசையே சிரித்தது. வேலம்மாள் மேடம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். இசக்கிராஜன் சிரிக்காமல் இருந்து பார்த்தார், முடியவில்லை. தன்னுடைய அணித்தலைவன் போன மாதம் சொன்ன ஒரு வார்த்தை ஞாபகம் வந்துவிட்டதோ என்னவோ, நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, "சரி ஓய், விட்டுரும், மைக்கை விட்டுரும்" என்றார். மைக் போனது. கஸ்பார் வாயைத் திறக்கவே இல்லை.

அவ்வளவுதானா? இவ்வளவுக்கா நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை? யோசனைகள் தபாலில் வந்து, மைக் என்ற இடத்துக்கு மேல் கண் போகாமல் நின்ற அன்றிலிருந்து ராத்திரியெல்லாம் பெனால்டி பெனால்டி என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தானே, அத்தனையும் பையன்களின் கெட்ட வார்த்தையில் அடித்துக்கொண்டு போய்விட்டது. நல்லா இருங்கடா பிள்ளைகளா என்று மனசுக்குள் கும்பிட்டான். இனி எந்த ஆட்டத்திலாவது எவனாவது வாய்க்கு வந்ததைப் பேசினால் மஞ்சள் அட்டையை எடுக்க முன்னைப் போல அவனுக்குக் கை வருமா என்று தெரியவில்லை. நாற்காலியிலிருந்து முதுகைப் பிய்த்தெடுத்துச் சாய்ந்து உட்கார்ந்தான். விசிறிக் காற்று இப்போதுதான் முதல் தடவையாக மேலே பட்டது. இத்தனை நேரம் கால்விரல்களைச் செருப்புக்குள் மடக்கி வைத்திருந்தது தெரிந்து ஒவ்வொன்றாக நீட்டினான். ஜன்னலுக்கு வெளியே ஒரு வாதாம் மரம் நின்றது, நல்ல சிவப்பாக இரண்டு இலை அதில். டீ ஆறியிருந்தது, ஆறிய டீயும் நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் சாளை மீன் கிடைத்தால் வாங்கிக்கொண்டு போகலாம். அமலி மிளகு அரைத்து வைப்பாள். பிஸ்கட்டை இப்போது தைரியமாக எடுத்துக்கொண்டான். இசக்கிராஜன் மூன்றாவது யோசனையை ஆரம்பித்திருந்தார், அவருடைய குரல் எங்கேயோ கிணற்றடியில் யாரோ பேசுகிற மாதிரி வந்துகொண்டிருந்தது. கடைசியில் ரெஃப்ரி கூட்டுத நேரம், இஞ்சுரி டைமு, அதுதான் மேடம், ஆட்டம் நடுவுல நின்ன நேரத்தை எல்லாம் கடைசியில சேக்கது, அதுக்கு ஒரு கணக்கு வழக்கு இல்லாம இழுத்துக்கிட்டே போவுது, அதை எடுத்துருவோம், முப்பத்தஞ்சு நிமிசம் ஆச்சா, விசில், கிளம்பு, அவ்வளவுதான். எல்லோரும் களைத்திருந்தார்கள். எல்லோருக்கும் வீடு இருந்தது. சரிதான், சரிதான் என்றார்கள். கஸ்பாரும் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே சரிதான் என்று தலையை ஆட்டப் போனான், தலை ஆடவில்லை.

சேர்க்க மாட்டார்களாமா? நின்ற நேரத்தையா? பிஸ்கட் வாயில் மாவாக நின்றது. ஒருத்தன் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு விழுவான், ஸ்ட்ரெச்சர் வரும், பந்து சாக்கடைக்குள் போகும், ஒருத்தன் ஷூ நாடாவைக் கட்டுவான், அப்போதெல்லாம் கஸ்பார் இடது கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வான். யாருடைய நேரம் இது? விழுந்தவன் வேண்டுமென்று விழவில்லை. மிச்சப் பேர் ஆடத்தான் வந்தார்கள், ஆட முடியாமல் நிற்கிறார்கள். நின்ற நேரத்தை எல்லாம் எடுத்து வைத்திருந்து கடைசியில் அவர்கள் கையில் திருப்பிக் கொடுப்பான். விதிப் புத்தகத்தில் அவனுக்கு ரொம்பப் பிடித்த இடம் அது. அதை வாசித்தபோது, இப்படிக்கூட ஒரு நியாயம் எழுதி வைத்திருக்கிறார்களா என்று தோன்றியது. சரி, யாராவது சொல்வார்கள். மைதீன் பிச்சை சொல்வார். மைதீன் பிச்சை பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார். யாரும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன, தப்பித்தாயே, தப்பித்தவன் பேசாமல் இருக்க வேண்டியதுதானே, இவ்வளவு நேரம் உள்ளே நடுங்கியது போதாதா? வேலம்மாள் மேடம், "யாருக்கும் ஆட்சேபணை இல்லன்னா முடிச்சிரலாமா?" என்று கேட்டார். மேசைக்கு மேலே ஒரு கை தெரிந்தது. முழங்கை வரை மடித்த நீலச் சட்டை. அது தன் கைதான் என்பது கஸ்பாருக்குத் தெரிவதற்குள் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டார்கள்.

"சொல்லுங்க சார்" என்றார் மேடம். இசக்கிராஜன் வழக்கம்போலக் கைபேசியைத் தட்டிவிட்டார். "மேடம்" என்று கஸ்பார் ஆரம்பித்தான், மானா வந்துவிட்டது. "ஆட்டத்துல ஒருத்தன் விழுந்து… விழுந்து கெடக்கான். நான் ஆட்டத்தை நிறுத்துதேன். ஸ்ட்ரெச்சர் வருது. அந்த நேரத்தைச் சேக்காட்டி என்ன ஆவும்னா, ஜெயிச்சிட்டிருக்கவன் ஒவ்வொருத்தனா விழுவான். ஒரு கோல் முன்னால இருந்தா… போதும், ஆட வேண்டாம், ப…" பந்து. பந்துப் பக்கமே போக வேண்டாம் என்று சொல்ல வந்தான். தூரத்திலேயே தெரிந்தது. அது என்று சொல்லியிருக்கலாம், சந்து இருந்தது, திரும்பியிருக்கலாம். எதற்காகவோ அன்றைக்கு நேரே போனான். உதடு ஒட்டிக்கொண்டது. கண் மூடிக்கொண்டது. கழுத்து இழுத்தது. இருட்டுக்குள் விசிறியின் சத்தம் கேட்டது, யாரோ நாற்காலியை நகர்த்துவது கேட்டது, வகுப்பு முழுக்கத் திரும்பிவிட்டது, இதோ சொல்லப் போகிறார்கள், உக்காரு. ப. ப. உள்ளே வரிசையில் நிற்கிற சொற்கள் எல்லாம் முட்டுகின்றன. பந்துதானே, காற்றடைத்த தோல், அதைச் சொல்லவா இவ்வளவு. அப்போது சேவல் கூவியது. இரண்டு நிமிடம் முடிந்துவிட்டது. இந்தத் தடவை மேடம் சிரிக்கவில்லை. அந்தச் சேவல் அந்த அறையில் தன்னந்தனியாகக் கூவிக்கொண்டிருந்தது. இசக்கிராஜன், பழக்கதோஷத்தில், "சார், டைம்" என்றார்.

"டைமாவது மண்ணாவது" என்றார் மைதீன் பிச்சை. "அவரு பேசுனது அர நிமிசம். மிச்சமெல்லாம் நின்ன நேரம். அதைச் சேத்துக் குடும் வே."

கஸ்பாருக்குக் காது மடல் பற்றிக்கொண்டது. சொல்லிவிட்டார். இத்தனை பேர் முன்னால், பட்டவர்த்தனமாக, ஒளித்து வைத்திருந்ததைத் துணியை விலக்கிக் காட்டுகிற மாதிரி. யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவனுக்குத் தெரியும், அதைக் கேட்டே வளர்ந்தவன், அது எங்கே குத்தும் என்று தெரிந்து உடம்பு முன்கூட்டியே அந்த இடத்தை இறுக்கிக்கொண்டது. குத்தவில்லை. கண்ணைத் திறந்தான். அவனைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. இசக்கிராஜனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இசக்கிராஜனே ஒரு மாதிரி அசடு வழிய, கூவிக்கொண்டிருந்த கைபேசியை அமுக்கி நிறுத்தி, மேசையின் மேல் குப்புறக் கவிழ்த்து வைத்தார். நாற்காலி நுனியிலிருந்து முதல் தடவையாகப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார். "பேசுங்க சார்" என்றார். அவர் குரலில் இரக்கம் இருக்கிறதா என்று கஸ்பார் தேடினான், நாய் மோப்பம் பிடிக்கிற மாதிரித் தேடினான். இல்லை. தோற்கப் போகிற ஆள் எதிராளியைப் பார்க்கிற எரிச்சல்தான் கொஞ்சம் இருந்தது. அந்த எரிச்சலைப் பார்த்ததும் கஸ்பாருக்கு என்னமோ குளிர்ந்துபோனது. "பந்துப் பக்கமே… போ… போவ மாட்டான்" என்றான். "விழுந்து கெடந்தே ஜெயிச்சிருவான். ஆட்டம் சீக்கிரம் முடியும், ஆனா ஆ… ஆட்டம் இருக்காது." அப்புறம் சொல்ல நினைத்திராத ஒன்றையும் சொன்னான். "நின்ன நேரம் அவங்களோடது மேடம். நம்ம கையில இருக்கதால ந… நம்மளோடதுன்னு ஆயிராது. தி… தி… திருப்பிக் குடுத்துரணும்." இடையில் இரண்டு தரம் நின்றான். நின்றபோது கண்ணை மூடவில்லை. எல்லோரும் இருந்தார்கள். வேலம்மாள் மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டு, "எனக்கு ஆட்டம் தெரியாது, அதனால கேக்கேன். எவ்வளவு நேரம் நின்னுச்சுன்னு யாரு பாத்துக்கிடுதது?" என்று கேட்டார். "நான்தான்" என்றான். ஒரு தடங்கலும் இல்லாமல் வந்துவிட்டது. வந்த வேகத்தில் அவனே கொஞ்சம் பயந்துபோனான்.

அதற்கப்புறம் கொஞ்ச நேரம் விவாதம் நடந்தது. இசக்கிராஜன் லேசில் விடுகிற ஆள் இல்லை. ராத்திரி ஸ்டாண்டில் படுத்துக் கிடந்த பையன்களில் நாலு பேர் அவருடைய பையன்கள், அவர்களுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்துவிட்டு விடிய விடியக் கூடவே இருந்தவர் அவர், அது கஸ்பாருக்கு அப்போதுதான் தெரியவந்தது. கடைசியில் ஒரு மாதிரி முடிவானது. நேரத்தைச் சேர்க்கலாம், விழுந்தவனைக் கோட்டுக்கு வெளியே தூக்கி வைத்துத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும், எத்தனை நிமிடம் சேர்க்கப் போகிறோம் என்பதை நடுவர் விரலை விரித்துக் காட்டிவிட வேண்டும். ஆட்டங்களை வெயில் தாழக் காத்திருக்காமல் முன்கூட்டியே ஆரம்பிக்க வேண்டும் என்பதையும் யாரோ சொல்லி எழுதிக்கொண்டார்கள். கைகள் எழுந்தன. இசக்கிராஜன் கை கொஞ்சம் தாமதமாக எழுந்தது, ஆனால் எழுந்தது. வெளியே வரும்போது வராந்தாவில் அவர் கஸ்பாரின் தோளில் தட்டி, "விரலைக் காட்டும்போது அஞ்சுக்கு மேல போயிராதீங்க சார், ஒரு கையிலயே முடிச்சிருங்க" என்றார். பெரிய நகைச்சுவை ஒன்றும் இல்லை. கஸ்பார் வாய்விட்டுச் சிரித்தான்.

வெயில் இறங்கி, காற்று கிளம்பியிருந்தது. மைதீன் பிச்சை ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே, "ஏறும், விட்டுட்டுப் போறேன்" என்றார். இல்லை, நடந்து போய் பஸ் ஏறிக்கிடுதேன் என்று சைகை காட்டி அனுப்பினான். சட்டை முதுகு காய்ந்து உப்புக் கோடு போட்டிருக்க வேண்டும், உடம்பு லேசாக அரித்தது, சுகமாகவும் இருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவன் இறங்க வேண்டியது குலவணிகர்புரம். ஆனால் அந்த ஊருக்கு அவன் டிக்கெட் கேட்டதே கிடையாது. மேலப்பாளையம் என்று அதற்கு அப்பால் உள்ள ஊருக்கு வாங்கிக்கொண்டு முன்னாலேயே இறங்கிவிடுவான், இந்த வழியில் பஸ் ஏறத் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். கண்டக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். "எங்க?" மானா வாயிலேயே தயாராக இருந்தது. "கு" என்றான் கஸ்பார். நின்றுபோனது. பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. கண்டக்டர் கம்பியில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு, "குறிச்சியா?" என்றார். இல்லை என்று தலையை ஆட்டினான். பின்னால் இரண்டு பேர் காசை நீட்டிக்கொண்டு நின்றார்கள். "கு… கு…" முன் சீட்டில் ஒரு பெண் குழந்தைக்கு ஜன்னல் வழியாக எதையோ காட்டிக்கொண்டிருந்தாள். "குலவணிகர்புரம்." கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு, சில்லறையைப் போட்டுவிட்டு, "அடுத்து யாரு? உள்ள போங்க, உள்ள போங்க" என்று நகர்ந்து போனார். அவ்வளவு பேருக்கும் கேட்டிருக்கும். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.